கீழே விழுந்த உளுந்து

"போகும்போது மூணு பேரு, வரும்போது ரெண்டு பேரு. மாறிச்சுன்னா என் மூஞ்சியில முழிக்காத" என்று சொல்லித்தான் ஜெபராஜ் அண்ணன் என்னை அனுப்பினார்.

விருதுநகரில் அவருக்கு இரண்டு லாரி. நான் அவ்வப்போது அதில் ஒன்றை ஓட்டுவேன். சலித்துப்போனால் சாவியைக் கொடுத்துவிட்டு வேறெங்காவது போய்விடுவேன். மலேசியாவில் கோழிப்பண்ணை, மஸ்கட்டில் தண்ணீர் லாரி என்று சில வருடங்கள் போயிருக்கின்றன. படிப்பு ஆறாம் வகுப்பு பாதிவரை. அந்த மாதம் எனக்கு வேலை இல்லை, பாஸ்போர்ட் இருந்தது. அதனால் பர்மாவில், நாம் ரங்கூன் என்கிற யாங்கோன் போகும் வேலை என் தலையில் விழுந்தது.

மூன்று பேர் என்பது நான், ஜெபராஜ் அண்ணனின் தங்கை செல்வராணி, செல்வராணியின் மாமியார் அன்னம்மாள். அன்னம்மாள் பிறந்தது யாங்கோனுக்கு எதிரே, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தன்லியின் என்ற ஊரில். அவருடைய தாத்தா அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வேலைக்குக் கப்பலேறிப் போனவர். பெரும்புயல் அடித்து வீடும் பிழைப்பும் போன வருடம், அன்னம்மாள் புருஷனையும் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு விருதுநகருக்கு வந்தார். அங்கே புருஷனுக்குத் தூரத்துச் சொந்தம் இருந்தது. வந்த இடத்தில் முதலில் புருஷன் நெஞ்சுவலியில் போனார். மூத்த மகன் சாத்தூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து போனான். இளையவன் ஆல்பர்ட், செல்வராணியின் கணவன், போன வருடம் மஞ்சள் காமாலையில் போனான். மூத்தவன் மனைவி அம்மா வீட்டுக்குப் போய் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டாள். அவளைக் குறை சொல்ல எதுவுமில்லை. செல்வராணி மட்டும் போகவில்லை.

இனி பிறந்த மண்ணுக்கே போய்விடுகிறேன், அங்கே தங்கை ரோஸி இருக்கிறாள் என்று அன்னம்மாள் கிளம்பினார். நானும் துணைக்குப் போவேன் என்று செல்வராணி நின்றாள்.

"பத்து நாள் இருந்து பாக்கட்டும்" என்றார் ஜெபராஜ் அண்ணன். "அவளுக்கு முப்பத்தொரு வயசுதான். ஒரு நல்ல இடம் பாத்து வச்சிருக்கேன். கெழவியை விட்டுட்டு அவளைப் பத்திரமாக் கூட்டிட்டு வா."

அவர் கெட்டவர் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

யாங்கோன் விமான நிலையத்துக்கு வெளியே டாக்ஸியில் ஏறி முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டிகள் சாலையின் வலதுபக்கம் போகின்றன, ஸ்டியரிங்கும் வலதுபக்கமே இருக்கிறது. முன்னால் போகும் லாரியை முந்தவேண்டுமென்றால் டிரைவருக்கு எதிரே வருவது தெரியாது. இடதுபக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்குத்தான் தெரியும். மூன்றாவது முறை முந்தும்போது நானே "இருங்க, இருங்க... இப்ப போங்க" என்று கையைக் காட்ட ஆரம்பித்தேன். டிரைவருக்குத் தமிழ் தெரியாது, கை புரிந்தது. கடைசியில் எனக்கு ஒரு வெற்றிலைச் சுருள் கொடுத்து மரியாதை செய்தார்.

பாகோ ஆற்றுப் பாலம் வந்ததும் அன்னம்மாள் கண்ணாடியை இறக்கினார். ஆறு பழுப்பு நிறத்தில் அகலமாகக் கிடந்தது. பாலத்தைக் கடந்த பிறகு டிரைவரிடம் பர்மியத்தில் வழி சொல்ல ஆரம்பித்தார். அப்போதுதான் தொல்லை தொடங்கியது. பெரிய வாகை மரத்தில் திரும்பு என்றார், மரம் இல்லை. தகரக் கொட்டகைச் சினிமா என்றார், அங்கே போன் கடை இருந்தது. மூன்று முறை ஒரே பெட்ரோல் பங்க்கைச் சுற்றினோம். கடைசியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, ரோட்டில் பூ விற்றவளிடம் தலையை நீட்டி, "ரோஸி வீடு எங்கே? உளுந்து கூட்டுகிற ரோஸி" என்று கேட்டார். பூக்காரி நேராக எதிரே இருந்த சந்துப் பக்கம் கையைக் காட்டினாள்.

மரத்தூண்களின் மேல் நின்ற சின்ன வீடு. சுவர் மூங்கில் பாய். ரோஸி பூப்போட்ட லுங்கி கட்டி, தனாக்கா என்ற மரப்பட்டையை அரைத்துச் சந்தனம்போலக் கன்னத்தில் பூசிக்கொண்டு படியில் நின்றார். அக்காவைப் பார்த்ததும் இறங்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"வந்துட்டியா அக்கா? எத்தினி வருசம்! ஒரு சேதி அகப்படலியே உங்கிட்டேருந்து!"

அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். தமிழ் பாதி, பர்மியம் பாதி. "நம்ம அன்னமா? பாட்டுக்காரி அன்னமா? இப்படி வத்திப் போயிட்டே?" என்று ஒருத்தி கையைப் பிடித்தாள். இன்னொருத்தி, "பையனுங்க எங்கே? பெரிசு நல்லா உசரமா இருப்பானே" என்றாள்.

"பையனுங்க இல்லை. அவரும் இல்லை" என்றார் அன்னம்மாள். "நாலு பேராப் போனோம். நான் ஒண்டியாத்தான் திரும்பி வந்திருக்கேன்."

செல்வராணி அவருக்குப் பின்னால்தான் நின்றாள். இரண்டு பெட்டி, ஒரு தலையணை, மாமியாரின் மருந்துப் பை எல்லாம் அவள் கையில். பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அந்த வீட்டில் எனக்கு இடமில்லை. நான் நகரத்துக்குத் திரும்பி லத்தா என்ற பகுதியில் ஒரு விடுதியில் தங்கினேன். கீழே சீன மருந்துக்கடை, மேலே நாலு மாடி, லிஃப்ட் கிடையாது. மின்சாரம் முறைவைத்து வருகிறது. போய்விட்டால் தெருவில் கடைக்கொரு ஜெனரேட்டர் கத்துகிறது. முதல்நாள் தெருவில் நடந்தபோது தலையில் ஏதோ தட்டியது. நிமிர்ந்து பார்த்தால் மூன்றாவது மாடியிலிருந்து ஒரு கயிறு, நுனியில் கிளிப். கடைக்காரர் அதில் ஒரு பொட்டலத்தை மாட்டி இழுத்துவிட்டார், மேலே மணி அடித்தது, பொட்டலம் ஏறிப் போயிற்று. மாடிப்படி ஏறி முட்டி தேய்ந்தவர்கள் கண்டுபிடித்தது. நம் ஊர் அடுக்குமாடிகளில் இதை ஏன் யாரும் செய்யவில்லை என்று தெரியவில்லை.

டீக்கடைகளில் ஆட்கள் சர்வரை முத்தம் கொடுக்கிற சத்தத்தில் கூப்பிடுகிறார்கள். முதலில் திடுக்கிட்டேன். பழகியபின் நானும் செய்தேன், வரவில்லை. பக்கத்து மேசைக்காரர் எனக்காகக் கூப்பிட்டுத் தந்தார். காலையில் மீன்குழம்பில் போட்ட நூடுல்ஸ், மொஹிங்கா. மசாலா குறைவு, வயிற்றுக்கு நல்லது. தெருவில் தோசையும் கிடைக்கிறது. மேலே வேகவைத்த கடலை, தக்காளி, கோஸ் தூவி மடித்துத் தருகிறார்கள். வாயில் வைத்தால் மாவில் அரிசிதான் தெரிகிறது, உளுந்து பேருக்கு. எங்கள் ஊர் மில்களுக்கு மூட்டை மூட்டையாகப் பர்மா உளுந்து வருவது இங்கிருந்துதான். விளைகிற நாட்டில் அதை அதிகம் சீந்துவதில்லை.

மூன்றாம் நாள் நான் தன்லியினுக்குப் போனபோது அக்காவும் தங்கையும் வார்டு அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். இந்த நாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடும்பப் பட்டியல் உண்டு. வீட்டில் இருப்பவர் எல்லார் பெயரும் அதில் வரிசையாக இருக்கும். வெளியாள் வந்து தங்கினால் விருந்தாளிக் கணக்கில் எழுதவேண்டும். என்னையும் துணைக்கு அழைத்தார்கள். நான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு இல்லாத அறை, எல்லாம் தெரிந்தது. பேச்சு பர்மியத்தில். ரோஸி இடையிடையே திரும்பி எனக்கும் செல்வராணிக்கும் தமிழில் சொன்னார்.

எழுத்தர் ஒரு மூக்குக்கண்ணாடி அம்மாள். பட்டியலை விரித்தார். ரோஸி இத்தனை வருடமும் யார் பெயரையும் எடுக்கச் சொல்லவில்லை. அன்னம்மாள், அவர் புருஷன், இரண்டு மகன்கள் நாலு பேரும் அந்தத் தாளில் இன்னும் தன்லியினிலேயே குடியிருந்தார்கள்.

"எப்படியும் வருவீங்கன்னு வச்சிருந்தேன்" என்றார் ரோஸி, குற்றம் செய்தவர்போல.

"இவர்கள் மூவரும் எங்கே?" என்று எழுத்தரம்மாள் கேட்டார்.

அன்னம்மாள் இந்தியச் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். எழுத்தரம்மாள் ஸ்கேலை எடுத்தார். சிவப்பு மையில் ஒரு கோடு, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. கோணாமல் இருக்க நிதானமாகத்தான் போட்டார். அவரிடம் கருணை இல்லாமல் இல்லை. மூன்றாவது கோட்டுக்கு முன்னால் நிமிர்ந்து பார்த்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அன்னம்மாள் வேண்டாம் என்றார். ஆல்பர்ட்டின் பெயர்மேல் கோடு போனபோது செல்வராணி வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்று தெருவைப் பார்த்தாள்.

"அந்தப் பெண் யார்? விருந்தாளிப் பதிவில் உறவு என்று ஒரு கட்டம் இருக்கிறது" என்றார் எழுத்தரம்மாள்.

"துணைக்கு வந்தவள். பத்து நாளில் போய்விடுவாள்" என்றார் அன்னம்மாள்.

அப்படியே எழுதப்பட்டது.

திரும்பி நடக்கும்போது நான் ஒரு தப்புச் செய்தேன். சின்ன வயதில் மிஷன் பள்ளியில் கேட்ட ஒரு வேதக்கதை ஞாபகம் வந்தது. பஞ்சம் பிழைக்கப்போன ஒரு அம்மா புருஷனையும் மகன்களையும் பறிகொடுத்துவிட்டு மருமகளோடு சொந்த ஊர் திரும்புகிற கதை. அதைச் சொல்லி, "உங்க கதை மாதிரியே இருக்கும்மா. முடிவுதான் ஞாபகமில்லை. அதுக்குள்ள பள்ளிக்கூடத்தை விட்டுட்டேன்" என்றேன்.

"முடிவு எனக்குத் தெரியும் தம்பி" என்றார் அன்னம்மாள். "அந்தம்மா மடியில பேரன் இருப்பான். அதனாலதான் கோயில்ல அதை வாசிச்சா நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன்."

நான் அவர் கையிலிருந்த சான்றிதழ்ப் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

நாலாம் நாளிலிருந்து அன்னம்மாள் மருமகளைத் திட்ட ஆரம்பித்தார். குழம்பில் உப்பு, வாளியில் பாசி, எதைத் தொட்டாலும் குற்றம். "இவளை நாளைக்கே கூட்டிட்டுப் போ தம்பி. எனக்கு இவ மூஞ்சியப் பாத்தா அவன் ஞாபகம்தான் வருது" என்று அவள் காதுபடவே சொன்னார். செல்வராணி வாளியை மறுபடி தேய்த்தாள். மறுநாள் காலை ரோஸி வேலைக்குக் கிளம்பும்போது, "நானும் வர்றேன் சின்னத்தை. சும்மா பாத்துட்டு வர்றேன்" என்று கூடவே போய்விட்டாள்.

ரோஸிக்கு வேலை துறைமுகம் போகும் சாலையில் ஒரு பருப்புக் குடோனில். அன்று நானும் நகரத்திலிருந்து அங்கே வந்து வாசலில் லாரிக்காரர்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். பாஷை தெரியாவிட்டாலும் கியர் பாக்ஸைப் பற்றிக் கையாலேயே பேசலாம். பத்து மணிவாக்கில் உள்ளே ஒரே கூச்சல். ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து கத்தும் சத்தம். நடுவில் செல்வராணியின் குரல், "நான் என்ன செஞ்சேன்? நான் என்ன செஞ்சேன்?" என்று.

ஓடிப் போய்ப் பார்த்தேன். நடந்தது இதுதான்.

லோடு ஆட்கள் மூட்டையைக் கொக்கி போட்டு இழுக்கும்போது சாக்குக் கிழிந்து உளுந்து சிந்தும். சிந்தியதைக் கூட்டுகிற பெண்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் குடோனில் அது முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே வழக்கம். ஆளுக்கொரு தகர டின். கூட்டியதை அதில் போட்டுச் சுவரோரம் வரிசையாக வைத்திருப்பார்கள். செல்வராணி விருதுநகரில் ஏழு வருடம் ஒரு பருப்பு மில்லில் உளுந்து புடைத்தவள். அந்த மில்லில் சிந்தியது ஒரு மணி என்றாலும் மூட்டைக்குத்தான் திரும்பப் போகும். கையில் எடுத்தால் திருட்டு. மற்றவர்கள் பின்பக்கம் கூட்டப் போயிருந்த நேரத்தில் அவள் சும்மா நிற்க மாட்டாமல், வரிசையாக இருந்த டின்களைப் பார்த்து, யாரோ புடைக்காமல் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். ஒன்பது டின்னையும் ஒவ்வொன்றாகச் சுளகில் கொட்டி, கல், தூசி, வைக்கோல் எல்லாம் போக்கி, சுத்தமாக்கி, முதலாளியின் மூட்டையில் கொட்டித் தைத்தும் வைத்துவிட்டாள்.

மூன்று நாள் கூட்டியது. பெண்கள் கத்தாமல் என்ன செய்வார்கள்?

"நல்ல மருமகளைக் கூட்டிக்கிட்டு வந்தே ரோஸி! மொதலாளிக்கு மக மாதிரி!" என்று ஒருத்தி தமிழில் எகிறினாள். "எங்க வீட்டு அடுப்புல தண்ணிய ஊத்திட்டா!" ரோஸி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். கனி காக்கா என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். அறுபது வயது, வெள்ளைத் தொப்பி, கட்டம்போட்ட லுங்கி. பூர்வீகம் காயல்பட்டினம், அங்கே காக்கா என்றால் அண்ணன். பிறந்தது இங்கேதான். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் செல்வராணியைப் பார்த்தார்.

"ஏன் புள்ளே மூட்டையில கொட்டினே?"

"கீழ விழுந்தது மொதலாளியோடதுதானே காக்கா" என்றாள் அவள். "எங்க மில்லுல சாயங்காலம் கேட்டுல முந்தானையை உதறிக் காட்டணும். ஒருதடவை மடிப்புல நாலு உளுந்து ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. நாலே நாலு. அதுக்கு என்னை எல்லார் முன்னாடியும் நிக்க வச்சாங்க."

ரோஸி அதைப் பர்மியத்தில் மற்றவர்களுக்குச் சொன்னார். எகிறியவளும் அடங்கிவிட்டாள்.

"அந்த மூட்டையப் பிரிங்க" என்றார் காக்கா. பிரித்தார்கள். எவளுடையது எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அது மொத்த மூட்டையோடு கலந்துபோயிருந்தது. காக்கா லோடு ஆட்கள் பக்கம் திரும்பினார். பர்மியத்தில் ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். ரோஸி எனக்குச் சொன்னார்: "இன்னிக்குக் கொக்கியைக் கொஞ்சம் ஆழமாப் போடுங்கப்பான்றார்."

பிறகு அந்த ஆட்கள் கொக்கி போட்டதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு போட்டான். ஒருவன் வேண்டுமென்றே தடுக்கி விழுந்தான். கறுப்பு உளுந்து தரையில் சடசடவென்று கொட்டியது. மத்தியானத்துக்குள் ஒன்பது டின்னும் நிறைந்துவிட்டது.

அது நடந்துகொண்டிருக்கும்போதே செல்வராணி திறந்திருந்த இன்னொரு மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டாள். பழக்க தோஷம். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பி மோந்து பார்த்தாள்.

"காக்கா, இது விருதுநகருக்குப் போறதா?"

"தூத்துக்குடி போய் அங்கேதான் வரும். ஏன்?"

"சீட்டுல எஸ்.க்யூ.ன்னு, ஒசந்த தரம்னு போட்டிருக்கு. மேல ரெண்டு சாண்தான் எஸ்.க்யூ., பெரிய மணி. அடியில போன வருசத்துப் பழசு. மினுமினுப்பே இல்ல. எங்க மில்லுல இதைப் பிரிச்ச ஒடனே போன் போட்டுருவாங்க."

காக்கா அந்த மூட்டையைத் தரையில் கவிழ்க்கச் சொன்னார். அவள் சொன்னது சரி. வடக்கேயிருந்து சரக்கு அனுப்பிய வியாபாரி செய்த வேலை அது. காக்கா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"இதனாலேயே அங்கே ரெண்டு தடவை சரக்கு தகராறாச்சு. எங்க ஆளுங்களுக்கு இங்கே ஏத்துறது தெரியும், அங்கே என்னத்தைப் பார்க்கிறாங்கன்னு தெரியாது. நீ இங்கே இருப்பியா புள்ளே?"

அவள் ரோஸியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இருப்பேன்" என்றாள்.

"கம்பெனி பேருல லெட்டர் போட்டு விசாவுக்கு நான் பார்க்கிறேன். ஆனா ஒரு வீட்டுல தங்கணும்னா வார்டு ஆபீசுல உறவுன்னு எழுதணும். அதை உன் மாமியார்தான் சொல்லணும். நான் சொல்ல முடியாது."

எனக்குத்தான் இப்போது தர்மசங்கடம். ஜெபராஜ் அண்ணன் முகம் கண்ணில் நின்றது. ஏழாம் நாள் செல்வராணிக்கு விசாவுக்கான போட்டோ எடுக்க வேண்டியிருந்தது. அவளை நகரத்துக்குக் கூட்டிப் போனேன். சூலே பகோடா அருகே இறங்கவேண்டும், கியாக்டடா என்ற பகுதியில். நான் எண்ணைத் தப்பாகப் பார்த்து வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். எங்கோ ஒரு ரயில் தண்டவாளம் ஓரம் இறக்கிவிட்டார்கள். திரும்பி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வங்கி ஒன்றின் பழைய தூண்களுக்கடியில் ஒதுங்கினோம். இதுதான் சமயம் என்று ஆரம்பித்தேன்.

"அண்ணன் உனக்கு நல்லதுதான் நெனைக்கிறாரு தாயி."

"தெரியும்ணே."

"மாமியாரும் உன்னைப் போன்னுதான் சொல்றாங்க. தினம் திட்டு வாங்கிக்கிட்டு எதுக்கு?"

அவள் ரோட்டில் ஓடும் தண்ணீரைப் பார்த்தாள். "அத்தைக்குப் பொழுது சாஞ்சா கண்ணு தெரியாதுண்ணே. யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க. சொவரைத் தடவிக்கிட்டே நடப்பாங்க. விருதுநகர்ல சொவரு காரை. இங்க மூங்கில். முந்தாநாள் கை முழுக்கச் சிலாம்பு. ஊசிய வச்சு நான்தான் எடுத்தேன். எடுக்க எடுக்கத் திட்டுனாங்க."

"அதுக்குச் சின்னத்தை இருக்காங்கல்ல?"

"சின்னத்தைக்குக் கிட்டத்துல இருக்கிற ஊசியே தெரியாது" என்று சிரித்தாள். பிறகு, "அங்க போனா அண்ணன் வீட்டுல நான் கூட ஒரு ஆளு. சோறு போடுவாங்க, பாசமா இருப்பாங்க. அவ்வளவுதான்ணே" என்றாள்.

மழை விட்டது. போட்டோக் கடையைத் தேடி நடந்தோம்.

அன்றைக்குச் சாயங்காலம் அன்னம்மாளிடம் காக்கா சொன்னதை ரோஸி எடுத்துச் சொன்னார். அன்னம்மாள் கேட்டுவிட்டுச் சொன்னது ஒன்றுதான்: "எங்கூட இருந்தவங்க எல்லாரும் செத்துப் போனாங்க. இவளாவது போய்ப் பொழைக்கட்டும். டிக்கெட் தேதி மாறக்கூடாது தம்பி."

அப்போதுதான் அந்தத் திட்டெல்லாம் எதற்கென்று எனக்குப் புரிந்தது. செல்வராணிக்கு முதலிலேயே புரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சத்தம் ஒரு கணம் நின்றது, மறுபடி கேட்டது.

ஒன்பதாம் நாள் காலை மறுபடி வார்டு அலுவலகம். விருந்தாளி மறுநாள் கிளம்புகிறாள் என்றால் அதையும் சொல்லவேண்டும். செல்வராணி பெட்டி கட்டிவிட்டாள். நாலு பேரும் போனோம். இந்த முறை நான் உள்ளேயே நின்றேன்.

எழுத்தரம்மாள் விருந்தாளிப் புத்தகத்தை எடுத்தார். செல்வராணியின் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார்.

"நாளைக்குக் கிளம்புகிறாளா?"

"ஆமாம்" என்றார் அன்னம்மாள்.

"சரி, அடித்துவிடுகிறேன்." ஸ்கேலை எடுத்துப் பெயரின்மேல் வைத்தார். அதே ஸ்கேல். சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார்.

அன்னம்மாளின் கை மேசைமேல் போனது எனக்குத் தெரியவில்லை. பார்க்கும்போது அது புத்தகத்தின்மேல் விரிந்து கிடந்தது. பெயர் முழுக்க மறைந்திருந்தது. விரல்களில் சிலாம்பு எடுத்த புள்ளிகள்.

"வேண்டாம்" என்றார் பர்மியத்தில். பிறகு தமிழில், "அடிக்காதே. இதை அடிக்காதே" என்றார். எழுத்தரம்மாளுக்குத் தமிழ் தெரியாது. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ரோஸியைப் பார்த்தார்.

அன்னம்மாள் நிமிர்ந்தார். "உறவு தப்பாக எழுதியிருக்கிறது. மாற்றிப் போடுங்கள். மருமகள்."

எழுத்தரம்மாள் குடும்பப் பட்டியலைத் தேடி எடுத்தார். சிவப்புக் கோடு போட்ட பெயரைக் காட்டினார். "உங்கள் மகன் பெயரைப் போன வாரம்தானே அடித்தோம். மகன் இல்லாமல் மருமகள் என்று எப்படி எழுதுவது?"

"மகன் பெயரைத்தான் அடித்தீர்கள்" என்றார் அன்னம்மாள். "இவளை யாரும் அடிக்கவில்லை."

ரோஸி இதை எனக்குத் தமிழில் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. எழுத்தரம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு பெரிய அதிகாரியைப்போல விசிறியின் பக்கம் பார்த்து யோசித்தார். பிறகு சிவப்புப் பேனாவை மூடிவிட்டு நீலப் பேனாவை எடுத்தார்.

செல்வராணி அங்கேயே அழவில்லை. வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் அழுதாள். "செருப்பை மாத்திப் போட்டிருக்கே பாரு. கண்ணு எனக்கா தெரியலை, உனக்கா?" என்று அன்னம்மாள் திட்டினார். பழைய திட்டுத்தான்.

நான் கிளம்பும் காலையில் ரோஸி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். குடோன் பெண்கள் ஒன்பது பேரும் ஆளுக்கொரு பிடி உளுந்து போட்டது என்றார். கத்தியதற்குப் பரிகாரமாம். அண்ணன் வீட்டுக்குக் கொடுக்கும்படி செல்வராணி சொன்னாள். "திருடுனது இல்லன்னு சொல்லுங்கண்ணே" என்றாள்.

விமான நிலையத்தில் டின்னைத் திறக்கச் சொன்ன ஆள் உள்ளே பார்த்துவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். தமிழ் தெரிந்த பயணி ஒருவர் எனக்கு விளக்கினார்: இந்தியாவுக்குக் கப்பல் கப்பலாகப் போகிற சாமான், இந்த ஆள் எதற்குக் கையில் கொண்டுபோகிறான் என்று கேட்கிறாராம். நானும் சிரித்தேன். எப்படியும் விருதுநகருக்கு வரவேண்டிய உளுந்துதான்.

ஜெபராஜ் அண்ணன் வீட்டை ஒட்டிய லாரி ஷெட்டில் இருந்தார். நான் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் எனக்குப் பின்னால் பார்த்தார். ஆட்டோ போய்விட்டது. மறுபடியும் பார்த்தார்.

முகத்தில் விழிக்காதே என்று சொன்னவர் முன்னால் போய் நின்று நடந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில் டின்னை நீட்டினேன்.

"என்னலே இது?"

"உளுந்து."

"விருதுநகருக்கு உளுந்து கொண்டாந்தியா?"

அவரும் லாரி வாங்குவதற்கு முன்னால் மில்லில் மூட்டை தூக்கியவர்தான். வீட்டிலிருந்து சுளகை எடுத்துவரச் செய்து, டின்னை அதில் கவிழ்த்தார். விரலால் கிளறினார். புடைத்தார். ஒரு பக்கமாக ஒதுக்கி மறுபடி கிளறினார். கோபப்படுவதற்கு ஒரு சின்னக் கல்லாவது கிடைக்காதா என்று தேடுகிற மாதிரி இருந்தது. கல் இல்லை. தூசி இல்லை. ஓட்டை மணி ஒன்றுகூட இல்லை.

"அவ கைதான்" என்றார்.

நான் தலையாட்டினேன்.

சுளகைப் பார்த்துக்கொண்டே, "அங்கயும் சாயங்காலம் முந்தானையை உதறிக் காட்டச் சொல்றாங்களா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. கீழ விழுந்தது அவங்களுக்குத்தான்."

இன்னொரு தடவை புடைத்தார். தேவையே இல்லை. பிறகு உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டு, சுளகைக் கையில் கொடுத்தார்.

"ஊறப் போடு" என்றார்.